ஊசிக்கல் தோட்டத்து மெதுத்தண்ணி

1955ஆம் ஆண்டு ஜூலை ஒன்பதாம் தேதி சனிக்கிழமை காட்டோடையோடு போய்விட்ட சண்முகவடிவு, நாற்பத்தோராம் நாளான ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, தன் வீட்டு மீன் தொட்டியின் கண்ணாடியில் வந்து நின்றாள். வயது ஏழு. சீத்தைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் வாளியின் கைப்பிடி மட்டும் இருந்தது, வாளி இல்லை. அன்றைக்கு இலங்கை மலைநாட்டின் இறம்பொடைப் பக்கம் மழை கிடையாது. கந்தப்பளைக் கிழங்கு லொறி வழக்கம்போல ஏழு மணிக்குக் கடந்து போயிற்று. பகல் கொழுந்து நிறுப்பதற்கு முன்பே ஊசிக்கல் தோட்டத்தின் எல்லா லயத்துக்கும், ஆட்கள் குடியிருக்கிற அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம், செய்தி எட்டிவிட்டது.

அந்தத் தொட்டி அந்த வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். வடிவின் அப்பா செல்லசாமி தோட்டத்து ஸ்டோரில் அடுப்புக்காரன். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்து காய்கிற பெரிய அடுப்பின் வாய் ஸ்டோருக்குப் பின்னாலிருந்த ஓர் அறைக்குள் திறந்தது. இரவும் பகலும் கட்டை போட வேண்டியிருந்ததால், லயத்துக் காம்பிராவுக்குப் பதிலாக அந்த அறையையே செல்லசாமிக்கும் அவன் பெண்சாதி பூரணிக்கும் வீடாகக் கொடுத்திருந்தார்கள். தோட்டம் முழுக்கக் கம்பளிக்குள் குறுகிக் கிடக்கிற தை மாதத்திலும் செல்லசாமி வெற்று மேலோடு உட்கார்ந்திருப்பான். 1953இல் தோட்டத்து உதவி மேலாளராக வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரை அதைப் பார்த்துவிட்டுத்தான் தன் மீன்களை அங்கே கொண்டுவந்தார். அவர் அதற்கு முன் ஆப்பிரிக்காவில், நைஜீரியாப் பக்கம், செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அங்கத்திய காட்டாற்றிலிருந்து பிடித்த இரண்டு சோடி மீன்களைக் கப்பலில் பிளாஸ்க்கில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஒரு சோடி பங்களாவுக்கு வந்த எட்டாம் நாள் செத்தது. குளிர் பாதி, சீமெந்துத் தொட்டியில் தேங்கி வரும் குழாய்த் தண்ணீர் பாதி.

மிஞ்சிய சோடி விரல் நீளம்தான். ஆண் கொஞ்சம் பெரியது. பெண் குட்டை, தடிப்பு, மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு, வயிறு மட்டும் நன்றாகப் பழுத்த காப்பிப்பழத்தின் சிவப்பு. துரை சொன்ன பெயர் யாருடைய வாயிலும் நுழையவில்லை. கொழுந்தெடுக்கிற பெண்கள் துரை மீன் என்றார்கள். செல்லசாமி பெயர் எதுவும் வைக்கவில்லை, "அதுக" என்பான். தொட்டியை அடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் இரும்புக் காலில் நிறுத்தி, மணல் கொட்டி, விளிம்பில் ஒரு வாசல் வெட்டிய பாதித் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்து, பாரன்ஹீட் வெப்பமானியையும் தொங்கவிட்டு, துரை மூன்று விதி சொன்னார். "செல்சாமி, எம்பது டிகிரி, ஏறக் கூடாது, எறங்கக் கூடாது. குழாத் தண்ணி வாணாம். சனிக்கிழமை ரெண்டு வாளி எடுத்து, ரெண்டு வாளி காட்டுத் தண்ணி ஊத்து."

குழாய்த் தண்ணீருக்கும் காட்டோடைத் தண்ணீருக்கும் என்ன வித்தியாசம் என்று செல்லசாமிக்கு விளங்கவில்லை. இரண்டும் குளிர்ந்த தண்ணீர், இரண்டும் கண்ணுக்குத் தெளிவு. பூரணிதான் சொல்லிக் கொடுத்தாள். "குழாத் தண்ணியில சவுக்காரம் தேஞ்சுதாங்க போவும், நொரைக்காது. காட்டோடையில ஒரு தேய்ப்புத் தேச்சா போதும், பொங்கி வரும், அலசி மாளாது. அது மெதுத்தண்ணி. இது தெரியாம இத்தன வருசமா ஒங்க வேட்டிய யாரு தொவச்சதுன்னு நெனச்சீங்க?" அதிலிருந்து எந்தத் தண்ணீரைக் கண்டாலும் செல்லசாமி மடியிலிருந்து ஒரு துண்டு சவுக்காரத்தை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. கொத்மலைச் சந்தைக்குப் போனாலும் பார்ப்பான், கதிர்காமம் போனபோதும் பார்த்தான். 1954 டிசம்பரில் துரை சீமைக்குப் போனார். போகும்போது தொட்டியின் கண்ணாடியைத் தட்டி, "நீ வெச்சிக்கோ" என்றார். ஒரு துரை தன் கையால் கொடுத்ததைச் சரியாகப் பார்க்காமல் சாகவிட்டான் என்ற பேர் வந்துவிடக் கூடாது என்பதுதான் அன்றைக்குச் செல்லசாமிக்கு இருந்த ஒரே கவலை.

சனிக்கிழமைத் தண்ணீரை வடிவு தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். ஒரே வாளி, இரண்டு நடை. ஜூலை ஒன்பதாம் தேதி விடாமழையின் ஆறாம் நாள். மழைக்கொழுந்து காய்வதற்கு நேரம் பிடிக்கும், அடுப்பை விட்டு நகர முடியாது. சிரட்டையின் உட்கூரையில் பெண் மீன் முட்டை ஒட்டியிருந்தது. தண்ணீர் மாற்றாவிட்டால் முட்டையில் பூஞ்சணம் பிடிக்குமே என்று செல்லசாமிக்கு அடித்துக்கொண்டது. "ஓடிப்போயி ஓடியா புள்ள, ஓரத்துலயே மோந்துக்க" என்றான். முதல் நடை வந்து ஊற்றினாள். இரண்டாம் நடைக்குப் போனவள் வரவில்லை. மூன்று நாள் கீழே ஆறு வரைக்கும் தேடினார்கள். வேரில் சிக்கியிருந்த வாளி கிடைத்தது, கைப்பிடி இல்லாமல். வேறெதுவும் கிடைக்கவில்லை. தோட்டத்துக் கிளாக்கர் முத்துலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர், நல்லவர். மரணம் பதிய வந்த செல்லசாமியிடம், "ஆளைக் காணாமல் செத்ததெண்டு எழுதேலாது, அது சட்டமில்லை" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். முட்டைகள் எல்லாம் பொரித்தன.

நாற்பது நாள் பூரணி புருசனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பத்தோராம் நாள் விடிந்தபோது, குஞ்சுகள் சிரட்டைக்கு முன்னால் புகைபோலக் கூடியிருந்தன. அதில் ஒன்று கூட்டத்தை விட்டு விலகிக் கண்ணாடி மூலைக்குப் போயிற்று. தாய் மீன் பின்னாலேயே போய், அதை வாயில் கவ்விக்கொண்டு வந்து, கூட்டத்துக்கு நடுவில் துப்பியது. பூரணி அதைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். "பாத்தீங்களா? மீனுங்க அது. அதுக்கு இருக்கிற புத்தி ஒங்களுக்கு இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, அடுப்புக்கு அடுக்கியிருந்ததில் ஒரு கட்டையை உருவித் தொட்டிக்கு நேராக ஓங்கினாள். செல்லசாமி தடுக்கவில்லை. உடைக்கட்டும் என்றே இருந்தான். ஓங்கிய கை அப்படியே நின்றது. கண்ணாடியில் அறை தெரிந்தது. அடுப்பு வாயும், கட்டை அடுக்கும், கட்டையை ஓங்கிய பூரணியும், சுவரோரம் செல்லசாமியும் தெரிந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் வடிவு நின்றாள். திரும்பிப் பார்த்தால் அறையில் அவள் இல்லை. நின்ற இடத்தில் தரை மட்டும் ஈரமாக இருந்தது.

முதல் மாதம் பார்க்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். பிறகு அடை மழைக்காலம் வந்தது, வரிசை குறைந்தது, தைப்பொங்கலோடு நின்றே போனது. பெரியதுரை ஒரு தரம் வந்து பார்த்துவிட்டு, ஸ்டோருக்குள் வெளியாட்கள் வரக்கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டார். செல்லசாமி தன் போக்கில் சிலவற்றைக் கண்டுபிடித்தான். வெப்பம் எழுபத்தாறுக்கு இறங்கினால் வடிவுக்கு உதடு நடுங்கும். தண்ணீர் மாற்றப் பிந்தினால் முகம் மங்கும். சனிக்கிழமை இரண்டு வாளி புதுத் தண்ணீர் ஊற்றியதும் கண் தெளிந்து நேராகப் பார்ப்பாள். பேச மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். தாய் மீன் குஞ்சுகளை மேய்த்துக்கொண்டு அவள் நிற்கிற பக்கத்துக் கண்ணாடிக்கே கொண்டுபோகும். தினம் காலையில் பூரணி சாக்கை எடுத்துத் தரையின் ஈரத்தைத் துடைத்துவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவாள். சனிக்கிழமைகளில் செல்லசாமியே ஓடைக்குப் போனான். தண்ணீர் மொண்டு நிமிரும்போதெல்லாம் பின்னால் ஒரு சின்னக் காலடி நிற்கிற சத்தம் கேட்கும். அவன் திரும்ப மாட்டான். பத்து வருடத்தில் ஒரு சனிக்கிழமையும் திரும்பிப் பார்த்ததில்லை.

வடிவு வளர்ந்தாள். இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. 1957இல் சீத்தைச் சட்டை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. பூரணி நுவரெலியாக் கடைவீதியில் துணி எடுத்துப் பாவாடை தைத்துத் தொட்டிக்கு முன்னால் கொடியில் போட்டாள். மறுநாள் கொடியில் அது இல்லை, கண்ணாடியில் அவள் உடம்பில் இருந்தது, நனைந்து. மீன்கள் நாலைந்து வருடத்துக்கு மேல் இருப்பதில்லை. பழைய சோடி போய் அதன் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள் வந்தன. 1961 மாசியில் மூன்று நாள் வடிவு முகத்தைக் காட்டாமல் முதுகைக் காட்டி நின்றாள். தொட்டியில் இருந்த பெண் மீன்களுக்கு மட்டுமல்லாமல் ஆண் மீன்களுக்கும் வயிறு சிவந்திருந்தது. பூரணிக்குப் புரிந்துவிட்டது. அடுத்த டிவிசனில் கவ்வாத்து வெட்டுகிற தன் அண்ணன் மாயாண்டிக்கு ஆள் அனுப்பினாள்.

"ஏன் புள்ள, கண்ணாடிக்கா சீரு கொண்டாரச் சொல்ற?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் மாயாண்டி.

"ஒம் மருமவளுக்குக் கொண்டாரச் சொல்றேன்ணே. மாமன்னு ஒருத்தன் உசுரோட இருந்தா கொண்டாருவான்."

"நான் இருக்கேன். அவ...?" என்று தொடங்கிய மாயாண்டி, தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினான். "சரி, பச்ச ஓலைக்கு எங்க போறது இந்தக் குளுருல?"

மானாப்புல் வெட்டி வந்து தொட்டியைச் சுற்றிக் குடிசை கட்டினார்கள். பதினாறாம் நாள் ஆலாத்தி எடுத்தார்கள். பெண்கள் குலவையிட்டபோது செல்லசாமி அடுப்புக்குக் கட்டை போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் வந்து குந்திய மாயாண்டி, "மச்சான், நாம செய்யிறது சரிதானா?" என்று காதோரம் கேட்டான். "எம்பதுல நிக்குது மாப்ள, சரிதான்" என்றான் செல்லசாமி. கேட்டது அதை அல்ல என்று அவனுக்கும் தெரியும்.

1964 முடிவில், தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தம் என்ற பேச்சு மலை முழுவதும் பரவியது. சாப்பிட்டியா என்று கேட்ட ஆட்களெல்லாம் போறியா, நிக்கிறியா என்று கேட்கத் தொடங்கினார்கள். இந்த நாட்டுக்காரன் என்று சொல்ல செல்லசாமியிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இந்தியாவில், துறையூரில் அவனுடைய அண்ணன் இருந்தான், நிலம் கொஞ்சம் உண்டு, வந்துவிடு என்று எழுதியிருந்தான். அடுத்த வருடம் ஸ்டோர் அடுப்பை எடுத்துவிட்டு எண்ணெயில் எரிகிற மெசின் வைக்கப்போவதாகவும், அதற்குக் கட்டை போடுகிற ஆள் தேவையில்லை என்றும் பெரியதுரை சொல்லிவிட்டார். செல்லசாமி பூரணியைக் கேட்காமல் ஆபீசுக்குப் போய், இந்தியாவுக்கு மனு எழுதித் தரச் சொன்னான்.

"வீட்டில எத்தினை பேர்?" என்று முத்துலிங்கம் கேட்டார்.

"மூணு பேருங்க."

முத்துலிங்கம் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். செல்லசாமி அதை யோசித்துச் சொல்லவில்லை. பத்து வருடமாகக் காலையில் கண் விழித்தால் அவன் பார்ப்பது மூன்று பேரைத்தான், வாயில் அதுவே வந்துவிட்டது. முத்துலிங்கமும் தன் புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் பிள்ளை செத்ததாக அதில் எங்கேயும் இல்லை. அவர் கையாலேயே எழுதாமல் விட்டது. மூன்று என்று எழுதினார். மனுவுக்குப் படம் பிடிக்க நுவரெலியாவிலிருந்து வந்தவன், வெளிச்சம் போதாது என்று தொட்டிப் பக்கமாகவே எல்லாரையும் நிற்கச் சொன்னான். "கடைசியில நிக்கிற தங்கச்சி கொஞ்சம் சிரிச்சா நல்லாயிருக்கும்" என்றான். படத்தில் மூன்று பேரும் விழுந்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

விசயம் தெரிந்தபோது பூரணி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அங்கத்த தண்ணியில சவுக்காரம் நொரைக்குமா?" செல்லசாமி அண்ணனுக்கு எழுதினான். வந்துபோகிற ஆள் ஒருவன் மூலம் துறையூர்க் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தல் வந்தது. உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தான். சவுக்காரம் தயிர்போலத் திரிந்து கையில் ஒட்டியது. ஆனாலும் பழக்கினால் பழகும் என்று நினைத்து, பூரணி மலைக்குப் போயிருந்த ஒரு பகலில் தொட்டிக்குள் கரண்டி கரண்டியாக ஊற்றினான். ஒரு கரண்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் கால் மணி நேரம் விட்டான். ஐந்தாம் கரண்டியில் மீன்கள் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மணலில் படுத்தன. ஒன்பதாம் கரண்டியில் சிவப்பு வெளுத்தது. வடிவின் முகத்தில் மூக்கும் வாயும் கரைந்து, கண் மட்டும் இருந்தது. அந்தக் கண் அவனைப் பார்த்தது. இரண்டாம் நடைக்குக் கிளம்பியபோது வாசலில் திரும்பிப் பார்த்த அதே பார்வை. போத்தலைக் கீழே போட்டுவிட்டு வாளியோடு ஓடினான். நாலு நடை ஓடி ஊற்றிய பிறகு மூக்கு வந்தது, இருட்டும் நேரத்தில் வாய் வந்தது. பூரணி வந்து பார்த்தாள். உடைந்த போத்தலைக் கூட்டி அள்ளிவிட்டு, "இன்னொரு வாட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

காகிதங்கள் 1965 அக்டோபரில் வந்தன. நவம்பர் முப்பதோடு இருவர் பெயரையும் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள் பேரேட்டில், வெட்டி, டிசம்பர் இரண்டாம் தேதி ரயிலுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அந்த வாரமே எண்ணெய் மெசின் ஸ்டோரின் மறுபக்கத்தில் ஓடத் தொடங்கியது. முதல் தேதி இரவு செல்லசாமியின் அறைப் பக்கம் அடுப்பு வாயைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். பூரணி வர மாட்டேன் என்று சண்டை போடவில்லை. இரண்டாம் தேதி காலை நல்ல சேலை கட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் ஆபீசுக்கு நடந்தாள். முத்துலிங்கம் காகிதங்களை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"மூண்டு பேருக்கு வந்திருக்கு. மூண்டாவது ஆள் வரவேணும். இல்லையெண்டால் இறந்திட்டா எண்டு இதில கைநாட்டு வையும். ரெண்டு பேரும் போகலாம். நான் சாட்சி போடுறன்."

செல்லசாமி மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தினான். போய்விடலாம். ஓடையும் வேண்டாம், சனிக்கிழமையும் வேண்டாம், பின்னால் நிற்கிற காலடியும் வேண்டாம். விரலைக் காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே கொண்டுபோனான். பூரணி தடுக்கவில்லை.

"வெய்ங்க," என்றாள். "மொதத் தடவயும் நீங்கதான அனுப்பி வெச்சீங்க."

செல்லசாமி பெருவிரலைத் தன் தலைமயிரில் துடைத்தான். "புள்ள இருக்காய்யா," என்றான் முத்துலிங்கத்திடம். "வீட்டுல இருக்கா."

முத்துலிங்கம் காகிதங்களை மடித்து வைத்தார். "இஞ்ச உங்கட பேர் வெட்டியாச்சு. அங்கயும் போகேல்லை எண்டால் நீங்கள் ஒரு இடத்திலயும் இல்லை. விளங்குதோ?" என்றார். விளங்குகிறது என்று சொல்லிவிட்டு இருவரும் அறைக்குத் திரும்பினார்கள்.

அறை ஐஸாக இருந்தது. வெப்பமானி எழுபத்திரண்டு காட்டியது, ஒரு மணி நேரத்தில் அறுபத்தெட்டு. பூரணி கொழுந்தெடுக்கப் போகும் கம்பளியைத் தொட்டியைச் சுற்றிப் போர்த்தி, முன்பக்கத்தை மட்டும் விட்டாள். மண்ணெண்ணெய் விளக்கைக் கீழே வைத்துப் பார்த்தார்கள், போதவில்லை. மீன்கள் சிரட்டைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பதினேழு வயது வடிவு கைகளைக் கட்டிக்கொண்டு உதடு நீலம் பாரித்து நின்றாள். செல்லசாமி கண்ணாடிக்கு முகத்தை வைத்து உற்றுப் பார்த்தான். அறையில் அடுப்பு வாயைச் செங்கல் வைத்து அடைத்திருந்தது. கண்ணாடியில் அது திறந்தே இருந்தது. அடுக்கிய கட்டையும் அப்படியே இருந்தது. உள்ளே சாம்பல் ஆறிக் கிடந்தது, போடுவதற்கு ஆள் இல்லை.

"அங்க அடுப்பு இருக்கு பூரணி," என்றான்.

"அப்ப என்ன வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் பூரணி. கதவுக்குத் தாழ் போட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

மறுநாள் காலை மாயாண்டி வந்து தட்டி, பிறகு கதவை நெம்பித் திறந்தான். அறையில் யாரும் இல்லை. தரை முழுக்க ஈரம். வெப்பமானி எண்பதில் நின்றது. கண்ணாடியில் மூன்று பேர் இருந்தார்கள். பூரணி மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள், செல்லசாமி அடுப்புக்கு முன்னால் வெற்று மேலோடு குந்தியிருந்தான். கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்த செல்லசாமிக்கு மாயாண்டியின் முகம் வானத்தளவு பெரிதாகத் தெரிந்தது. அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் சின்னக் காலடி ஒன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை செல்லசாமி திரும்பினான்.

சனிக்கிழமைத் தண்ணீரை மாயாண்டி எடுத்துக்கொண்டான். மீன்கள் அந்தத் தையிலும் குஞ்சு பொரித்தன. 1966 ஏப்ரலில் எண்ணெய் மெசின் பார்க்க வந்த புது ஆள், ஸ்டோருக்குப் பின்னால் ஒரு வீடு சும்மா கிடக்கிறதே, எனக்குக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டான். முத்துலிங்கம் எழுந்து போய் அறையை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தார். ஆட்கள் குடியிருக்கிற வீட்டை எப்படிக் கொடுக்கிறது என்று அவனைக் கேட்டுவிட்டு, லயத்தில் பதினொன்றாம் காம்பிராவுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்.